செவ்வாய் பத்து மணி

யாரும் சாகவில்லை. நாயும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சீப்புக்காரர் பத்துப் பதினோரு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தார், வெளியே சொல்லாமல்.

சீப்புக்காரர் நாய்களுக்கு முடி வெட்டுகிறவர். தன் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய் இருபது வருஷம் ஆயிற்று. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு எஃகுச் சீப்பு எப்போதும் குத்திக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர். கடை என்றால் இரண்டு அறை. முன்னறையில் ஒரு பெஞ்ச், ஒரு சின்ன மேசை. பின்னறையில் வெட்டுகிற மேசை, தொட்டி, காற்றடிக்கிற மெஷின். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. மெஷினைப் போட்டால் திரைக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் தெரியாது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்திலேயே நின்று அவர் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நாய்களுக்காக வைத்திருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மருமகள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மாமனார் கடைக்கு வந்தாள். மகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். குழந்தையைப் பள்ளியில் விட, அழைத்துவர ஆள் வேண்டும், கடையிலும் ஆள் வேண்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. வந்த முதல் வாரமே அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருக்கும், மாமா எடுக்க மாட்டார். எடுத்தால் சோப்பு நுரையோடு எடுப்பார். "ஒரு கையில நாய், ஒரு கையில கத்தரி. எதைக் கீழ போடச் சொல்றே?" என்பார்.

"ரெண்டையும் போட வேண்டாம் மாமா. போனைப் போட்டுடலாம்" என்று அவள் ஒரு ஆப் கொண்டுவந்தாள். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே தங்களுக்கு வேண்டிய நாளையும் நேரத்தையும் பார்த்து எடுத்துக்கொள்வார்களாம். கடைப் போனுக்கு யாராவது அடித்தால், "ஆப் வழியாக நேரம் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிடும்.

சீப்புக்காரருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆள் தன் கடைக்குள் புகுந்து தன் நேரத்தை எடுத்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் மருமகள் ஆபீசில் இருந்தவள், பேசி ஜெயிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்ததையெல்லாம் ஆப்பில் ஏற்ற உட்கார்ந்தாள்.

"இன்ஸ்பெக்டர், வெள்ளி நாலு மணி. இது யார் மாமா?"

"பழுப்பு நிறம். வாசல்ல எல்லாத்தையும் மோந்து விசாரிச்சுட்டுத்தான் உள்ள வரும்."

"நாய் சரி. அதோட ஆளு பேரு?"

"அது எனக்கெதுக்கு? நான் முடி வெட்டுறது நாய்க்கா, ஆளுக்கா?"

"ஆப் ஆளு பேரைத்தான் கேட்குது மாமா."

"அப்ப அது ஆளுக்குப் போய் வெட்டட்டும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்த ஆப் மனிதர்கள் போகிற முடிவெட்டும் கடைகளுக்காகச் செய்தது. பட்டியலில் 'தாடி திருத்தம்', 'முகப்பூச்சு', 'நகம்' என்றெல்லாம் இருந்தன. மருமகள் முகப்பூச்சை எடுத்தாள். தாடியை எடுக்கப் போனபோது, "அது கிடக்கட்டும். ஆட்டுத்தாடின்னு ஒரு நாய் வருது, அதுக்கு அதான் வேலை" என்றார். அவள் சிரித்ததில் அவருக்கும் கொஞ்சம் கோபம் இறங்கியது. இரண்டு நாளில் நோட்டு முழுக்க ஏறிவிட்டது. ஆள் பெயர் தெரியாத இடத்தில் நாய் பெயரையே போட்டாள்.

நோட்டில் இருந்தது முழுக்க ஏறியது. நோட்டில் இல்லாதது ஏறவில்லை. வினையே அங்கேதான்.

தபால்காரர் என்று ஒருவர். முப்பது வருஷம் தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்து, அந்த முப்பது வருஷமும் ஊரிலுள்ள நாய்களிடம் கடி வாங்கி, வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த மறு மாதம் தானே ஒரு நாயை எடுத்து வளர்த்தவர். கேட்டால், "எதிராளியைப் பக்கத்துல வச்சுக்கறது நல்லது" என்பார். அந்த நாய்க்கு மிளகு என்று பெயர். கறுப்பு, சின்ன உடம்பு. பத்து வருஷத்தில் முகவாயெல்லாம் நரைத்து மிளகு பாதி உப்பாகிவிட்டது. நாலு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அவர் மிளகோடு வருவார். பத்து வருஷமாக. மழைக்கும் வருவார். முன்கூட்டிச் சொல்ல மாட்டார், சீப்புக்காரரும் கேட்க மாட்டார். அந்த நேரத்தில் வேறு யாரையும் வரச் சொன்னதில்லை. நோட்டில் எழுதியதும் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது நோட்டில் எழுதி வைப்பார்களா.

மிளகு முடிக்காக வருவதில்லை, நகத்துக்காக வரும். நாய்க்கு முன்னங்காலின் உட்பக்கம், தரையைத் தொடாத நகம் ஒன்று இருக்கும். மற்ற நகம் நடக்க நடக்கத் தேயும், இது தேயாது. மிளகுக்கு அது வளையல் மாதிரி சுருண்டு வளரும். விட்டால் சுற்றிக்கொண்டு வந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும், அப்புறம் சீழ், நொண்டல். நாலு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் ஒன்றுமில்லை. ஆனால் மிளகு வேறு யாரையும் காலைத் தொட விடாது. சீப்புக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார வேண்டும். மிளகு தன் தாடையை அவர் முழங்காலில் வைக்கும். தபால்காரர் பக்கத்தில் நின்று தன் பழைய பாதையின் வீட்டு எண்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். "பன்னிரண்டு, பன்னிரண்டு ஏ மாடி, பதினாலு நாய் ஜாக்கிரதை, பதினஞ்சு பூட்டின வீடு..." அந்தக் குரலைக் கேட்டால்தான் மிளகு கண்ணை மூடும். மூடியதும் 'டக்'. பதினெட்டாம் நம்பருக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆப் வந்த முதல் செவ்வாய், பத்து மணிக்கு, பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பெரிய நாய் சீப்புக்காரரின் மேசை மேல் நின்றது. அதை யாரோ முந்தின நாள் ஆப்பில் போட்டிருந்தார்கள். ஆப் சொன்னது, வந்தது, அவரும் மெஷினைப் போட்டார். நாள் என்ன, கிழமை என்ன என்று யோசிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டைப் பிரிக்கும்போது மருமகள் சொன்னாள்:

"காலைல ஒரு பெரியவர் வந்தார் மாமா. கறுப்பு நாய், மூஞ்சி மட்டும் வெள்ளை. புக் பண்ணலைன்னார். ஆப்ல போட்டுட்டு வாங்கய்யான்னு சீட்டு ஒண்ணு குடுத்தேன். சரிம்மான்னு போயிட்டார். ரொம்ப மரியாதையான மனுஷன்."

சீப்புக்காரர் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"திருப்பி அனுப்பிட்டியா?"

"யாருன்னு எனக்கெப்படி மாமா தெரியும்? நோட்டுல இல்லையே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. ஆப்பைத் திட்டினார், அதைச் செய்தவனைத் திட்டினார், கடைப் போனில் பேசுகிற பெண்ணைத் திட்டினார். மருமகள் எல்லாம் முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"சரி மாமா, தப்பு என்னோடதுதான். பேரைச் சொல்லுங்க, நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வரச் சொல்றேன்."

"தபால்காரர்."

"அது வேலை. பேரு?"

"மிளகோட ஆளு."

"வீடு எங்க?"

"தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து வருவார்."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு உறைத்தது. பத்து வருஷம். மிளகின் எந்தக் காலில் எந்த நகம் எந்தப் பக்கம் வளையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே இன்றுதான் நினைவுக்கு வருகிறது.

"அடுத்த செவ்வாய் வருவார். பத்து மணியை யாருக்கும் குடுக்காதே" என்றார்.

"வருவாருன்னு தெரியுமா?"

"வருவார்."

"ஆளு பேர் இல்லாம நேரத்தைப் பூட்டி வைக்கறதுன்னா, அப்ப வர்றவங்களைத் திருப்பி அனுப்பணும் மாமா. ஒருத்தரை அனுப்பினதுக்கே இந்தப் பாட்டு." அவள் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அவள் குழந்தையை அழைத்துவரப் போனபோது, சீப்புக்காரர் மேசை மேல் மருமகள் ஆப்புக்காக வைத்திருந்த தட்டைக் கருவியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது ஒருவரின் நேரத்தை எடுப்பது எப்படி என்று மருமகள் காட்டியிருந்தாள். சிவப்புப் பட்டன், அப்புறம் 'ஆம்'. அவ்வளவுதான். செவ்வாய் பத்து மணியில் எவனோ உட்கார்ந்திருந்தான். எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு இனிஷியல், அதற்குப் பின்னால் நாலு முழத்துக்கு ஒரு பெயர். கேட்டறியாத பெயர். என்ன வேலைக்கு என்று பார்த்தார். 'நகம்'.

"நகம் வெட்டிக்க பத்து மணி வேணுமாம் துரைக்கு" என்று சொல்லிக்கொண்டே சிவப்பை அமுக்கினார். 'ஆம்' அமுக்கினார். ஆள் காணாமல் போனான். செவ்வாய் பத்து மணி காலியாக, வெள்ளையாக, தபால்காரருக்காகக் காத்திருந்தது. ஆப் மேல் அவருக்கு முதல் தடவையாக ஒரு சின்ன மரியாதை வந்தது.

செவ்வாய் வந்தது. பத்து மணிக்குத் தரையைத் துடைத்து, நகம் வெட்டும் கத்தரியை எடுத்து வைத்து உட்கார்ந்தார். பத்தரை ஆயிற்று. தபால்காரர் வரவில்லை.

"வர வேண்டியவர் வேற எங்கயாவது போயிருப்பார் மாமா" என்றாள் மருமகள்.

"மிளகு வேற யார்கிட்டயும் காலைக் குடுக்காது."

அந்த வாரம் புதன்கிழமை பார்த்தால், அதே நாலு முழப் பெயர். அதே செவ்வாய். அதே பத்து மணி. சீப்புக்காரருக்குச் சுருக்கென்றது. திமிர் பிடித்தவன், ஒரு தடவை எடுத்தால் புத்தி வர வேண்டாமா. திங்கட்கிழமை மூன்றரை மணி வரை பொறுத்திருந்து மறுபடியும் தூக்கினார். தபால்காரர் அந்தச் செவ்வாயும் வரவில்லை.

"ஒருத்தர் ஒவ்வொரு வாரமும் செவ்வாய் பத்துக்குப் போடறார், ஒவ்வொரு வாரமும் கடைசி நேரத்துல எடுத்துடறார் மாமா" என்று மருமகள் சொன்னாள். "என்ன மனுஷனோ. மனசுல ஒரு நிலை இல்லை."

சீப்புக்காரர் ஒரு நாயின் காதுக்குள் ரொம்ப அக்கறையாக எதையோ தேடினார்.

வியாழக்கிழமை கடையை அரை நாள் மூடிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். அங்கே ஆறு தெரு. மருந்துக் கடையில் கேட்டார், சலவைக்கடையில் கேட்டார். "ரிட்டயர்டு தபால்காரர், கறுப்பு நாய்" என்றால், "பேர் என்ன?" என்றார்கள். அதே கேள்வி. பெயர் தெரியாமல் ஆளைத் தேடுகிறவரைச் சந்தேகமாகவும் பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில் அவர் நின்று எட்டிப் பார்த்ததற்கு உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "என்னய்யா வேணும், பட்டப்பகல்ல?" என்று அதட்டினாள். கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனார். டாக்டர் வெளியே போயிருந்தார். கம்பவுண்டர் யோசித்தார்.

"கறுப்பு நாய், வயசானது... போன வாரம் ஒண்ணு வந்துச்சு. முடியலைன்னு ஊசி போட்டுத் தூங்க வச்சுட்டோம்."

"மூஞ்சி வெள்ளையா?"

"வயசான நாய் எல்லாத்துக்கும் மூஞ்சி வெள்ளைதான்யா."

"கொண்டு வந்தவர் யாரு?"

"நான் அன்னிக்கு லீவு."

சீப்புக்காரர் திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. மிளகு போயிருக்கும். மிளகு போனால் அந்த மனிதர் எப்படி இருப்பார், தனியாக, எதிராளி இல்லாத வீட்டில். அல்லது மனிதர்தான் போய், மிளகு யார் வீட்டிலோ நகம் சதையில் இறங்கி நொண்டிக்கொண்டு... இதில் எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்து, யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். எல்லாம் ஒரு சீட்டால் வந்தது. பத்து வருஷம் வந்தவரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினோம், அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனாலும் திங்கட்கிழமை வந்தபோது நாலு முழப் பெயரைத் தூக்கினார். தபால்காரர் உயிரோடு இருக்கும்வரை அந்த நேரம் அவருடையது. இல்லாவிட்டாலும் அவருடையது.

நாலாவது திங்கட்கிழமை. மூன்றரை. மருமகள் போய்விட்டாள். மேசை மேல் நாய் இல்லை. சீப்புக்காரர் கருவியை இழுத்தார். மறுபடியும் அவன். சிவப்பை அமுக்கினார். இந்தத் தடவை 'ஆம்' வரவில்லை, வேறு ஒரு பெட்டி வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

'இந்த வாடிக்கையாளரின் பதிவை மூன்று முறை ரத்து செய்துள்ளீர்கள். இவரை நிரந்தரமாகத் தடுக்க விரும்புகிறீர்களா?'

கீழே 'தடு', 'வேண்டாம்', 'வாடிக்கையாளரை அழை' என்று மூன்று பட்டன். விரல் 'தடு' மேல் போய் நின்றது. அப்புறம் அவருக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவன், இப்போது கைக்குள் இருக்கிறான். சும்மா தடுத்துவிட்டால் மனசு ஆறாது. நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் தடுக்கலாம்.

'அழை' அமுக்கினார். மணி போயிற்று. யாரோ எடுத்தார்கள்.

"ஏன்யா, உனக்கு வேற நேரமே கிடைக்கலையா?" என்று ஆரம்பித்தார் சீப்புக்காரர். "வாரம் முழுக்கக் காலியாக் கிடக்கு. புதன் இருக்கு, வியாழன் இருக்கு. செவ்வாய் பத்து மணியையே வந்து பிடிச்சுத் தொங்கறே. அது ஒருத்தரோட நேரம். பத்து வருஷமா அவரோட நேரம். நீ எத்தனை தடவை போட்டாலும் நான் அத்தனை தடவை எடுப்பேன், தெரிஞ்சுக்கோ."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்:

"யாரோட நேரம்னு சொல்றீங்க?"

"எங்க தபால்காரரோடது."

பதில் வருவதற்குள் அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது குரைப்பு பாதியில் நின்று இருமலாகிவிட்டது.

சீப்புக்காரருக்கு ஆள் குரல் தெரியாது. இந்தக் குரைப்பு தெரியும். உலகத்தில் இப்படி இரண்டரைத் தடவை குரைக்கிற நாய் ஒன்றுதான். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மிளகா அது?" என்றார்.

"மிளகுதான்" என்றது குரல். "சீப்புக்காரரே, நான்தான் பேசறேன்."

"நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன், யாராவது வேற மாதிரி சொன்னாங்களா?"

சீப்புக்காரர் சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நகம்?" என்றார்.

"எட்டு வாரம் ஆச்சு. நேத்திலிருந்து அந்தக் காலைத் தூக்கித் தூக்கி நக்குது. நான் பக்கத்துல போனா உறுமுது."

"அங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க. நான் வரேன்."

போனை வைத்த பிறகுதான், எங்கே வருவது என்று கேட்கவில்லை என்பது தெரிந்தது. கத்தரியையும் ரத்தம் நிறுத்துகிற பொடி டப்பாவையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், மருமகள் குழந்தையோடு எதிரே வந்தாள்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க? நாலரைக்கு ஆட்டுத்தாடி வருதே."

"அது அந்தத் தாடியோட இன்னும் அரை மணி இருக்கட்டும். ஆளு கிடைச்சுட்டார்."

"யாரு?"

அவர் சொன்னார். சிவப்புப் பட்டனையும் சொன்னார். மூன்று திங்கட்கிழமையையும் சொன்னார். சொல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மருமகள் வாயில் கை வைத்தாள்.

"நீங்களா மாமா அது? நான் அந்த மனுஷனை என்னவெல்லாம் சொன்னேன். மனசுல ஒரு நிலை இல்லைன்னு."

"அவருக்கு நிலை இருக்கு. எனக்குத்தான் இல்லை. வீடு எங்கன்னு பார்த்துச் சொல்லு."

அவள் உள்ளே போய் ஆப்பைத் திறந்தாள். முகவரியை அது கேட்பதில்லை. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. இருவருமே அதைத் தொட்டதில்லை. தொட்டதும் கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி விரிந்தது. தபால்காரர் தபால்காரராகவே எழுதியிருந்தார். கதவு எண், குறுக்குத் தெரு, எந்த வீட்டுக்கு எதிர்ப்புறம், பின்கோடு உட்பட. அதற்கு மேலேயும் எழுத்து இருந்தது. அவள் முதல் வாரத்திலிருந்து வாசித்தாள்.

"'நாயின் பெயர் மிளகு. வழக்கமான நேரம்.'"

"ம்."

"ரெண்டாவது: 'ஐயா, முந்தைய பதிவு ரத்தானதாகச் செய்தி வந்தது. மிளகுக்கு நகம் மட்டும். பத்து நிமிடம் போதும்.'"

"மேல வாசி" என்றார்.

"மூணாவது..." அவள் குரல் இறங்கியது. "'மிளகுக்கு வயதாகிவிட்டதால் இனி வேண்டாம் என்று இருந்தால் அதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறாக நினைக்க மாட்டேன்.'"

சீப்புக்காரர் துண்டை இறுக்கிப் பிடித்தார். "நாலாவது?"

"'மீண்டும் முயல்கிறேன்.' அவ்வளவுதான்."

"போதும்" என்றார் சீப்புக்காரர். "வா, நீயும் வா. கடையைச் சாத்து. ஆட்டுத்தாடிக்கு அந்த ஆப்ல என்னமோ சொல்லிடு. ரத்து பண்ணாதே. தள்ளி வைக்கறோம்னு சொல்லு."

வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. முந்தின வாரம் வியாழக்கிழமை பட்டப்பகலில் எட்டிப் பார்த்து அதட்டு வாங்கிய வீட்டுக்கு அடுத்த வீடு. தபால்காரர் கதவைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மிளகு பாய் மேல் படுத்திருந்தது, எழவில்லை, வாலை மட்டும் தரையில் இரண்டு தடவை தட்டியது.

"ஐயா, அன்னிக்கு உங்களை யாருன்னு தெரியாம அனுப்பினது நான்தான்" என்றாள் மருமகள்.

"நீ சரியாத்தாம்மா சொன்னே. புக் பண்ணிட்டு வாங்கன்னே, பண்ணினேன். அப்புறம் முடியாதுன்னு எழுத்துல வந்துது. முப்பது வருஷம் எழுத்துல வந்ததைக் கொண்டு போய்க் குடுத்தவன் நான். எழுத்துல வந்தப்புறம் கதவைத் தட்டி இது நிஜமான்னு கேக்கறது எனக்குப் பழக்கமில்லை."

"அந்த எழுத்தை அனுப்பினது நான்யா" என்றார் சீப்புக்காரர். "உங்களுக்காக இடம் வைக்கறேன்னு உங்களையே தூக்கி வெளிய போட்டிருக்கேன். மூணு வாரம்."

தபால்காரர் அதை முழுசாக மனசுக்குள் வாங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிற ஆள் அவர் என்பதும் சீப்புக்காரருக்கு இன்றுதான் தெரிந்தது.

"எனக்காக என்னைத் துரத்தினீங்களா?"

"நீங்க உங்க பேரைச் சொல்லியிருக்கலாம்ல, இந்தப் பத்து வருஷத்துல."

"நீங்க கேக்கலையே."

"கேக்கலை" என்று ஒத்துக்கொண்டார் சீப்புக்காரர். "சரி, ஆரம்பிங்க. எண்ணைச் சொல்லுங்க."

சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மிளகு நகர்ந்து வந்து, நரைத்த தாடையை அவர் முழங்காலில் வைத்தது. அவர் அந்தக் காலை ரொம்ப மெதுவாக எடுத்தார். முடியை விலக்கினார். நகம் முழு வட்டம் போட்டிருந்தது. நுனி சதையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சுற்றிலும் சிவந்திருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். நுனி அசைந்தது. உள்ளே இறங்கவில்லை. ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருந்தது.

"இறங்கலை" என்றார். "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா இறங்கியிருக்கும். இறங்கலை."

தபால்காரர் மிளகின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பன்னிரண்டு" என்று ஆரம்பித்தார் தபால்காரர். "பன்னிரண்டு ஏ மாடி. பதினாலு, நாய் ஜாக்கிரதை. பதினஞ்சு, பூட்டின வீடு. பதினாறு..."

மிளகு கண்ணை மூடியது. டக். வளையம் இரண்டாக விழுந்தது. இன்னொரு டக். ரத்தம் வரவில்லை. பொடி டப்பாவைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. மிளகு எழுந்து நின்று, அந்தக் காலைத் தரையில் வைத்துப் பார்த்தது, மறுபடி வைத்துப் பார்த்தது. பிறகு மருமகளைப் போய் மோந்துவிட்டுக் குழந்தையின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது.

"பத்தொன்பது வரைக்கும் கூடப் போகலை" என்றார் தபால்காரர்.

சீப்புக்காரர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், மருமகள் கையைப் பிடித்து எழுந்தார். முழங்கால் வலித்தது. அந்த வலிகூட இன்று நன்றாகத்தான் இருந்தது.

"அடுத்தது நாலு வாரம் கழிச்சு" என்றார். "செவ்வாய் பத்து மணி."

"எழுத்துல வருமா?" என்று கேட்டார் தபால்காரர்.

மருமகள் தன் போனை எடுத்து அங்கேயே நின்று எதையோ தட்டினாள். முதலில் அந்தப் பதிவு போடும் பக்கத்தில் 'நாயின் பெயர்' என்று ஒரு புது இடம் சேர்த்தாள். அப்புறம் நாலு வாரத்துக்கு ஒரு செவ்வாயாக, வருஷம் முழுக்கப் போட்டாள். தபால்காரரின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு செய்தியையும் திறந்து, தேதியையும் நேரத்தையும் சரிபார்த்து, உதடு அசைய வாசித்தார். பதிமூன்றையும் வாசித்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் கடைசியில்.

"இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார் சீப்புக்காரர்.

மிளகு இரண்டரைத் தடவை குரைத்தது.